இருவாச்சியின் முறை

வால்பாறைக்கு மேலே ஒரு டீ எஸ்டேட்டில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது, உடனே வர வேண்டும் என்று பட்டறைக்கு ஆள் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம். பீளமேட்டில் என் பட்டறை முழுக்கச் செம்புக் கம்பிக் காயில் கருகிய மோட்டார்கள் கிடந்தன. கோடையில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வற்றும், மோட்டார்களும் ஒரே நேரத்தில் எரியும். இத்தனையையும் போட்டுவிட்டு மலையேறு என்றால் எவனுக்குத்தான் கோபம் வராது?

வந்தவன் எஸ்டேட்டின் எலெக்ட்ரீசியன் தாமஸ். அப்பா கோட்டயத்துக்காரர், இவன் பிறந்ததே வால்பாறையில். "அண்ணா, லைன் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் ஓடைக்கு இறங்கித் தண்ணி சுமக்குறாங்க. இன்னும் கொஞ்ச நாள் போனா அந்தக் குடத்தாலேயே என்னை அடிச்சுருவாங்க" என்றான். கூலிக்காரர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளைத்தான் லைன் என்றான். முகத்தைப் பார்த்தால் பொய் மாதிரி தெரியவில்லை. காயில் கம்பி, வார்னிஷ், ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றையும் கட்டினேன். என் மச்சினன் செல்வராசு அன்றைக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து தேங்காய் ஏற்றி வந்திருந்தான். காலி வேனோடு திரும்ப இருந்தவனை மலைக்குத் திருப்பினேன்.

ஆழியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் வேனுக்கு மூச்சு வாங்கியது. ஒரு வளைவில் ரேடியேட்டர் கொதித்து, நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டது. மேலேயிருந்து வந்த பஸ் இறங்க முடியாமல் நின்றது. கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டி, வேனில் ஒட்டிக்கிடந்த தேங்காய் நாரைப் பார்த்து, "தேங்கா வண்டிக்கு மலையில என்னய்யா வேலை? குரங்குக்கு விக்கப் போறீங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் நல்ல வார்த்தையாகத் தேடிப் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்டக்டர்தான் இறங்கி வந்து, பயணிகளின் பாட்டில்களை எல்லாம் வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினார். போகும்போது, "கோயமுத்தூர்க்காரரே, நாக்கைக் கொஞ்சம் ஊட்டுலயே வச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வால்பாறையில் சாப்பிட்ட புரோட்டாவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. டீயைப் பற்றி எழுத வேண்டும். கண்ணுக்கு எட்டிய மட்டும் டீச்செடி, கடையில் கொடுப்பதோ சாக்கடை நிறத்தில் ஒரு தண்ணீர். "நல்ல தூளெல்லாம் வெளியூருக்குப் போயிரும். எங்களுக்குக் கூட்டி அள்ளின தூசிதான்" என்றான் தாமஸ். எங்கள் ஊர் மில்லில் நெய்கிறவன் கிழிந்த பனியனோடு நிற்பது ஞாபகம் வந்தது. மறு பேச்சு பேசாமல் குடித்தேன்.

மறுநாள் முழுவதும் பேக்டரி ஷெட்டில் உட்கார்ந்து காயில் கட்டினேன். சாயங்காலம் மோட்டாரை ஓடைக்கரை பம்ப் ரூமில் இறக்கி, போல்ட் முடுக்கி, "போடுறா சுவிட்சை" என்றேன். தாமஸ் அசையவில்லை.

"கரண்ட் இல்லண்ணா."

"எப்ப வரும்?"

"மரம் வெட்டின பிறகு வரும்."

அப்போதுதான் முழுக்கதையும் சொன்னான். ஓடையை ஒட்டிப் பழைய காடு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் ஒரு பெரிய வெடிப்பலா மரம். பலாப்பழம் போல முள்முள்ளாகச் சின்னக் காய் காய்க்கும், மனிதன் சாப்பிட உதவாது. அதன் கிளை ஒன்று காற்றில் முறிந்து கரண்ட் கம்பிமேல் விழுந்ததில்தான் மோட்டாரும் எரிந்தது. மரத்தை எடுத்தால்தான் கம்பி இழுப்போம் என்று மின்வாரியத்து ஆட்கள் சொல்லிவிட்டார்கள். காலையில் வெட்டுகிறவர்கள் வருவார்கள்.

"இதை ஊரிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டேன். அதனால் இன்னும் கோபம் வந்தது. அந்த மரத்தைப் பார்ப்போம் என்று தாமஸையும் இழுத்துக்கொண்டு நடந்தேன். மரத்தடியில் ஒரு பெண் சட்டை, பேன்ட்டோடு, காலில் அட்டைக்கடி ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தாள். பெயர் சுகந்தி, கும்பகோணத்துக்காரி, பறவை ஆராய்ச்சி செய்கிறவள். மரத்தை வெட்டக்கூடாது என்று மேனேஜரிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, முடியாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாளாம்.

"ஏம்மா, நாலு லைன் வீட்டுச் சனம் தண்ணியில்லாமக் கிடக்குது. நீ ஒரு மரத்துக்கு உக்காந்து அழறியா?" என்றேன்.

"அழலை சார். மேலே பாருங்க, அப்புறம் திட்டுங்க" என்று தன் பைனாகுலரை என் கையில் திணித்தாள்.

அடிமரத்தில் நல்ல உயரத்தில் ஒரு பொந்து தெரிந்தது. பொந்தின் வாய் முழுக்கப் பூச்சுப் பூசி அடைத்திருந்தது, நடுவில் மேலும் கீழுமாக ஒரு பிளவு மட்டும். எவனோ குறும்புக்குச் சிமெண்டு பூசிவிட்டான் என்றுதான் நினைத்தேன். "பூசினது உள்ளே இருக்கிற பொம்பளை" என்றாள் சுகந்தி. இருவாச்சி. பெண் பறவை முட்டை வைக்கப் பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைத் தானே அடைத்துக்கொள்ளுமாம். உள்ளே போனதும் சிறகெல்லாம் உதிர்ந்து, புதுச் சிறகு முளைக்கிற வரைக்கும் பறக்க முடியாதாம். முட்டை பொரித்துக் குஞ்சு வளரும் வரை மாதக்கணக்கில் சாப்பாடு அந்தப் பிளவு வழியாகத்தான். கொடுப்பது ஆண்.

"அவன் வரலேன்னா?"

"உள்ளே இருக்கிறது பட்டினி சார். குஞ்சும்."

அந்த நேரம் மலைக்குள் எங்கோ கரி ரயில் ஏறுகிற மாதிரி சத்தம் கேட்டது. வால்பாறைக்கு ரயில் ஏது என்று திரும்பினால், மரங்களுக்கு மேலே ஒரு பறவை. இறக்கை அடிக்கிற சத்தம்தான் அது! கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டை, ஆள் கை நீளத்துக்கு உடம்பு, மஞ்சளாக வளைந்த அலகு, அதன் மேலே கவிழ்த்து வைத்த ஓடு போல இன்னொரு மஞ்சள் கொம்பு. ரத்தச் சிவப்பாகக் கண். பொந்துக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு, கழுத்தை ஒரு குலுக்குக் குலுக்கியது. தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழம் அலகு நுனிக்கு வந்தது. பிளவில் நீட்டியது. உள்ளேயிருந்து ஒரு அலகு முனை வந்து வாங்கிக்கொண்டது. மறுபடி குலுக்கல், மறுபடி பழம். அத்தனை பெரிய கொடுவாள் அலகால் ஒரு சின்னப் பழத்தை நசுக்காமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

மனசு உருகிவிட்டது என்று எழுதினால் பொய். எனக்குப் பிடித்தது வேலை. அந்தப் பூச்சின் நேர்த்தி, அலகு மட்டும் போகிற அளவுக்கு விட்ட இடைவெளி, அந்தக் கொடுக்கிற பதம். வேலை தெரிந்தவனைக் கண்டால் எனக்கு மரியாதை வந்துவிடும். பறவை போனதும் தாமஸ் பக்கம் திரும்பிக் கத்தினேன்: "ஏண்டா, கரண்ட் இல்லைன்னா மரத்தை வெட்டுவீங்களா? உலகத்துல ஆயில் என்ஜின்னு ஒண்ணு இருக்கறது உங்க மலைக்குத் தெரியாதா?"

எங்கள் பக்கத்தில் கரண்டை நம்பி எவனும் விவசாயம் செய்வதில்லை. மோட்டார் ரூமுக்குள் பழைய டீசல் என்ஜின் ஒன்று பம்ப்போடு நிற்கும். செல்வராசு தோட்டத்திலும் இருந்தது. மேனேஜர் பங்களாவுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "டீசல் நான் தர்றேன். லைனுக்குத் தண்ணி போகணும். போச்சுன்னா, கோடை முடிஞ்சு கம்பியை வேற வழியா இழுத்துக்கலாம். தண்ணி வரலேன்னு ஒரு பொம்பளை வந்து என் ஆபீஸ்ல நின்னாலும் மரம் போயிரும்" என்றார்.

செல்வராசு முனகிக்கொண்டே மலையிறங்கினான். "உங்களுக்குக் கோபம் வந்தா எம்பட வேனு, உங்களுக்கு நல்ல மனசு வந்தாலும் எம்பட வேனு" என்றான். ஆனால் மறுநாள் பொழுது சாய்வதற்குள் என்ஜினோடு வந்துவிட்டான். ஒரு வளைவில் என்ஜின் வழுக்கி வேனின் பின் கதவைப் பெயர்த்துவிட்டது. கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தவனை நான் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். "கதவை ஏன் ஒழுங்காக் கட்டலை?" என்றுதான் கேட்டேன். அந்த நன்றியை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த நாள் காலை என்ஜினை ஓடைக்கரையில் கல் அணைத்து நிறுத்தி, மேட்டுத் தொட்டிக்குப் போகும் பைப்பில் இணைத்து, ஹேண்டிலைச் சுற்றினேன். ஒரே சுற்றில் பிடித்தது. மலையே அதிர்ந்தது. லைன் வீடுகளில் குழாயில் தண்ணீர் வந்ததும் பெண்கள் குலவை போட்டது என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மத்தியானம் ஒரு அம்மாள் தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார். நெய் மிதந்தது. பெயர் மாரியம்மாள், கொழுந்து பறிக்கிறவர், லைனில் அவர் பேச்சுக்குத்தான் மரியாதை. பூர்வீகம் உடுமலைப் பக்கம்.

"நம்மூரு ருசி மறந்திருக்குமுங்களே, தின்னுங்க" என்றார். மலையேறியதிலிருந்து வயிறு நிறைந்தது அன்றைக்குத்தான்.

அதற்கு அடுத்த நாள் சுகந்தி ஓடி வந்தாள். நேற்று என்ஜின் போட்டதிலிருந்து ஆண் பொந்துக்கு வரவில்லை. மேலே வருகிறது, சத்தம் கேட்டுத் திரும்பிவிடுகிறது. உள்ளே இருப்பது பிளவில் அலகை நீட்டிக்கொண்டே இருக்கிறது.

தப்பு எங்கே என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. எங்கள் பக்கம் ஆயில் என்ஜினுக்கு சைலன்ஸர் வைக்க மாட்டார்கள். வாங்கி வந்த அன்றைக்கே கழற்றி எறிந்துவிடுவார்கள். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் என்ஜின் ஓடுகிறதா நின்றதா என்று காது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எந்தத் தோட்டத்துக்காரன் என்ஜின் ஓடுகிறது என்று ஊருக்கே தெரிய வேண்டும், அது ஒரு கெத்து. அந்தப் பழக்கத்திலேயே நானும் இங்கே ஓட்டிவிட்டேன். செல்வராசுவைக் கேட்டால், "சைலன்ஸரா? எங்கப்பன் காலத்துலயே பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சு மாமா" என்றான்.

குழி வெட்டி, புகைக்குழாயை நீட்டி, கல் நிரப்பிய பழைய டிரம்முக்குள் விட்டுப் புதைத்தேன். சத்தம் பாதி குறைந்தது. பாதி போதவில்லை. மத்தியானமும் இருவாச்சி வந்து வட்டமடித்துத் திரும்பியது. என்ஜினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் தொட்டி காயும், ஒரு பெண் ஆபீசில் போய் நின்றால் மரம் போகும். ஓட்டினால் பொந்துக்குள் இருப்பது சாகும். என்னை நானே வாயில் வந்தபடி திட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் நானும் சுகந்தியும் லைனுக்குப் போனோம். பெண்கள் அப்போதுதான் கொழுந்துக்கூடையை இறக்கியிருந்தார்கள். சுகந்தி விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் ஒரே இரைச்சல். "இப்பத்தான் முதுகு நிமிந்துது, மறுபடி ஓடையா?" "குருவிக்குச் சோறு இல்லேன்னு எங்களைக் குடம் தூக்கச் சொல்றியா கண்ணு?" "நீ வந்து தூக்கு, பேன்ட் போட்டிருக்கியில்ல!"

அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. அந்த ஓடைப் பாதையில் நானே வழுக்கி விழுந்திருந்தேன். சுகந்தி இத்தனை நாளில் எனக்குச் சொன்னதை அவர்களுக்கும் சொன்னாள். இருவாச்சி பழத்தை முழுங்கிவிட்டுக் காடு முழுக்கப் பறந்து கொட்டை போடுகிறது, பெரிய கொட்டை மரங்களில் பலவற்றை விதைப்பதே அதுதான், அந்த மரங்கள் நிற்கிற காட்டில்தான் கோடையிலும் ஓடை வற்றாமல் ஓடுகிறது என்று. செல்வராசு குறுக்கே, "இந்தத் தண்ணிதானுங்க எங்க வாய்க்காலுக்கும் வருது" என்றான்.

மாரியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வாய்க்காலை எனக்குத் தெரியுமுங்க. எங்கப்பன் ராவெல்லாம் அந்த வாய்க்கால்ல நின்னு உங்காளுங்க தோட்டத்துக்கு முறைத்தண்ணி கட்டுனவரு. உங்க முறை முடிஞ்சு அடுத்த தோட்டத்துக்காரர் முறை, அது முடிஞ்சு இன்னொருத்தர் முறை. எங்களுக்கு முறையே கெடையாது. நெலம் இருந்தாத்தானே முறை."

 அவர் சுகந்தி பக்கம் திரும்பினார்.

"ஏன் அம்மணி, அது எந்நேரம் வரும்?"

"வெயில் ஏறினதும் ஒரு தடவைங்க. அப்புறம் கொஞ்ச நேரம் வராது. பகல்ல அப்பப்ப வரும். பொழுது சாயறப்ப அடையப் போயிரும்."

மாரியம்மாள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அப்ப முறை போட்டுக்கலாம். காலையில மொதல்ல அது. அது குடுத்துட்டுப் போனதும் நாம தொட்டி நெரப்பிக்கறோம். பகல்ல நாம வேலைக்குப் போயிருவோம், அது பாட்டுக்கு வரட்டும். பொழுது சாஞ்சதும் மறுபடி நாம. என்னங்கடி?"

"காலையில அது வர நேரமாச்சுன்னா? வேலைக்குப் பேர் குடுக்கற நேரம் தவறிப்போனா அரை நாள் கூலி போச்சே" என்றாள் ஒருத்தி.

"போனாப் போகுது. இங்க முறை சொல்ற எடத்துல நாம இருக்கறது இதுதான் மொதல் தடவை. அந்த வாயில்லாததுக்கு இல்லேன்னு சொல்ல எனக்கு வரலைடி."

யாரும் கைதட்டவில்லை. முணுமுணுப்போடுதான் கலைந்தார்கள். ஆனால் யாரும் ஆபீசுக்குப் போகவில்லை.

அந்தக் குஞ்சு கோடை முடிவதற்குள் நல்லபடியாக வெளியே வந்து பறந்தது என்று பின்னால் தாமஸ் போனில் சொன்னான். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. முறை போட்ட முதல் காலையைத்தான் பார்த்தேன்.

விடிந்ததும் பெண்கள் ஓடைக்கரைக்கு வந்துவிட்டார்கள். தண்ணீர் லைனில்தான் வரும், இங்கே வர வேண்டியதே இல்லை. வந்தார்கள். வேலைக்குப் போகிற கோலத்தில், செடி கிழிக்காமல் இடுப்பில் படுதா கட்டி, தலையில் கூடை மாட்டி, மரத்துக்குத் தள்ளிப் புதர் ஓரமாக உட்கார்ந்தார்கள். நான் ஹேண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு என்ஜின் பக்கத்தில் நின்றேன். வெயில் ஏறியது. பொந்தின் பிளவில் அலகு வெளியே வந்து, உள்ளே போய், மறுபடி வந்தது. வானத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் சத்தத்துக்குப் பிறகு அது வருமா என்று சுகந்திக்கே தெரியவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மேலே பேர் கொடுக்கும் இடத்தில் சங்கு ஊதினார்கள். ஒருத்தி எழுந்தாள். மாரியம்மாள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டாள். "அரை நாள்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு இடத்தில் நாலு பேர் சேர்ந்தால் சந்தைக்கடை ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அத்தனை பெண்கள் இருமலைக்கூட முந்தானைக்குள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது அந்தக் கரி ரயில் சத்தம் கேட்டது.

மரத்துக்கு மேலே வந்தது. வட்டமடித்தது. திரும்பிவிடப் போகிறது என்று என் கை ஹேண்டிலை இறுக்கியது. திரும்பவில்லை. உச்சிக்கிளையில் உட்கார்ந்து, சிவப்புக் கண்ணால் எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தது. பிறகு கிளை கிளையாக இறங்கிப் பொந்தில் தொற்றிக்கொண்டு, கழுத்தைக் குலுக்கியது. ஒரு பழம். இன்னொரு பழம். உள்ளே இருந்தது பிடுங்காத குறையாக வாங்கியது. கொடுக்கிறவனுக்கு அவசரமே இல்லை. புதர் ஓரத்தில் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம் ஊட்டித் தொலையேன்யா" என்று கிசுகிசுத்தாள். பக்கத்தில் இருந்தவள், "எம்பட வூட்டுக்காரன் இப்படி ஒரு நாளு ஊட்டியிருப்பானா, நீ சும்மா இரு" என்றாள். எல்லோருடைய தோள்களும் குலுங்கின, ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

தொண்டை காலியானதும் அது அலகை மரத்தில் இரண்டு பக்கமும் துடைத்தது. இறக்கையை விரித்தது. சத்தம் ஓடைக்கு மேலே போய், மலைக்கு அந்தப் பக்கம் தேய்ந்து மறைந்தது.

என் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. டீசல் புகை என்று சொல்லவும் வழியில்லை, என்ஜினை இன்னும் போடவே இல்லையே.

மாரியம்மாள் எழுந்து கூடையைச் சரி செய்துகொண்டார்.

"ஏனுங்க மெக்கானிக், அதும்பட முறை முடிஞ்சுதுங்க. சுத்துங்க. எங்க முறை."